பத்தடி இல்லாட்டி வெண்டிலேசனே இல்லையாம்!

வெள்ளவத்தையான்:
வட்ஸ்அப் குழுவில ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார், காத்து எடுக்கிற ஓட்டைக்கும் விடுற ஓட்டைக்கும் இடையில பத்தடி இல்லாட்டி அது வெண்டிலேசனே இல்லையாம். புதுவீடு கட்டுறவை எல்லாம் காசைக் கரியாக்கினமாம். வாசிச்ச உடனே பத்திக்கொண்டு வந்திட்டுது. எங்கட காணி 6 பேர்ச்சஸ். இரண்டு பக்கச் சுவரும் எல்லையில நிக்குது, அதில ஓட்டை போட ஏலாது. முன்னுக்கு கராஜ். மிச்சம் பின்சுவர் 16 அடி. அதுக்குள்ள குசினி ஜன்னல், டொய்லட் ஃபேன், ஏசியின்ர வெளிப்பெட்டி. பத்தடியை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

பழைய_எஞ்சினியர்:
எழுதினது நான்தான். நேராவே கேக்கலாம், ஒளிச்சு நிண்டு கல்லெறியத் தேவையில்லை. பத்தடி என்ர கண்டுபிடிப்பில்லை தம்பி. அமெரிக்காவின்ர அஷ்ரே 62.2 எண்ட வீட்டுக் காத்தோட்டத் தரவிதியில இருக்கு. காத்து எடுக்கிற வாய், உள்காத்தை வெளிய விடுற எக்ஸோஸ்ட், புகைபோக்கி, வாகனப் புகை எல்லாத்திலயும் இருந்து குறைஞ்சது பத்தடி தள்ளி நிக்கவேணும். வாசிச்சுப்போட்டு வாரும்.

தெஹிவளை_அக்கா:
சண்டைக்கு முதல் ஒண்டு சொல்லுங்கோ. நீங்கள் கதைக்கிறது மெசின் வைச்சுக் காத்தை இழுக்கிற வீடோ, இல்லாட்டி எக்ஸோஸ்ட் ஃபேன் வெளியில தள்ள, லூவர் எண்ட சுவர்த் துவாரத்தால தானா காத்து வாற வீடோ? இரண்டும் ஒண்டில்லையே.

பழைய_எஞ்சினியர்:
எதெண்டாலும் பத்தடி பத்தடிதான்.

ரொறன்ரோவாசி:
இங்க கனடாவில எச்ஆர்வி எண்ட, சூட்டை மிச்சம் பிடிக்கிற காத்து மெசின் இல்லாமல் புதுவீடு காண்பது குறைவு. 1977இல ரெஜைனாவில கட்டின சேமிப்பு வீட்டிலயே, வெளிய போற காத்தின்ர சூட்டை உள்ள வாற காத்துக்குக் கொடுக்கிற பெட்டி இருந்தது. என்ர மெசினோட வந்த புத்தகத்தில ஆறடிதான் போட்டிருக்கு. எடுக்கிற வாய் நிலத்தில இருந்து 18 அங்குலம் உயர நிண்டால் காணும், அதுவும் பனி மூடாமல் இருக்க. சும்மா ஆக்களை வெருட்டாதேங்கோ ஐயா.

பழைய_எஞ்சினியர்:
ஐஸ் பெட்டிக்குள்ள இருந்துகொண்டு கொழும்புக்கு வழி சொல்லுறார். உம்மட ஆறடி உம்மட ஊருக்கு.

வெள்ளவத்தையான்:
அப்ப அமெரிக்காக்காரன்ர பத்தடி மட்டும் வெள்ளவத்தையில பிறந்ததோ?

நானா_தெமட்டகொட:
😂😂 இதுக்குப் பதில் செல்லுங்க எஞ்சினியர் சேர்.
எங்கட லேன்ல ஊட்டுக்கும் ஊட்டுக்கும் இடையில நாலடி. என்ட எக்ஸோஸ்ட்ல இருந்து எடுக்கிற வாயப் பத்தடி தள்ளி வச்சா அது நேரா பக்கத்து ஊட்டு குசினிக்கு முன்னால போய் நிக்கிது. அவங்க கருவாடு பொரிச்சா எங்கட கட்டில் வரைக்கும் வாசம். என்ட புகைக்கு பத்தடி, அவங்கட புகைக்கு நாலடி. இது என்ன கணக்கு?

பழைய_எஞ்சினியர்:
பக்கத்து வீட்டுக்காரரோட கதைச்சுத் தீர்க்கவேண்டியதை என்னட்டக் கேக்காதேங்கோ. பத்தடி.

வெள்ளவத்தையான்:
கண்டுபிடிச்சன்! அமெரிக்காவின்ர வீட்டுக் கட்டட விதியிலயே விலக்கு இருக்கு. எக்ஸோஸ்ட் வாய், எடுக்கிற வாயை விட மூண்டடி மேல இருந்தால் பத்தடி தேவையில்லை. இதை ஏன் ஐயா குழுவில மறைச்சனீங்கள்?

பழைய_எஞ்சினியர்:
மறைக்கேல்லை, உமக்கு விளங்காது எண்டு விட்டனான். வெளிய விடுற காத்து சூடாயிருந்தால் மேல போகும், கீழ இருக்கிற வாய்க்கு வராது. குளிர் ஊரில சரி. உம்மட வீட்டில நாள் முழுக்க ஏசி. அறைக்குள்ள 25 பாகை, வெளிய 31. குளிர்ந்த காத்து பாரம். வெளிய வந்த உடனே சுவரோட ஒட்டிக் கீழ இறங்கும். இறங்கினால் ஆர் வாய் திறந்து வைச்சிருக்கிறது? உம்மட இன்டேக், அந்தக் காத்து எடுக்கிற வாய்.

ரொறன்ரோவாசி:
அது டொய்லட் காத்துக்குச் சரி. குசினிக் காத்து சூடுதானே? அது மேல போகுமே?

தெஹிவளை_அக்கா:
அதுதான் முதலே கேட்டனான், எந்தக் காத்து எண்டு.

பழைய_எஞ்சினியர்:
இன்னொண்டு. நீங்கள் காலி வீதிக்குக் கடல் பக்கம். மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து. மேற்குச் சுவரில எக்ஸோஸ்ட் வைச்சால் ஃபேன் தள்ளுறதைக் கடல் காத்துத் திருப்பி உள்ள தள்ளும். மூடி தடதட எண்டு இரவிரவா அடிக்கும். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரைக்கும் வடகீழ்க் காத்து, எல்லாம் மறுபக்கம். அந்த இரண்டு காத்துக்கும் நடுவில உங்களைக் காப்பாத்துறது பத்தடிதான்.

வெள்ளவத்தையான்:
காத்து மாறுமெண்டால் பத்தடியும் எந்தப் பக்கம் எண்டு மாறவேணுமே? உங்கட வாயாலேயே சொல்லிப்போட்டீங்கள்.

நானா_தெமட்டகொட:
எங்க வச்சாலும் கடைசில நெட்தான் பிரச்சின. டெங்குவுக்குப் பயந்து எடுக்கிற வாய்க்கு நுளம்பு நெட் அடிச்சன். கழட்டிப் பாத்தா எண்ணையும் தூசியும் சேந்து கறுப்புத் துணி மாதிரி. கையால ஒரச்சாலும் போகல்ல. அதுக்குள்ளால காத்து எங்க வார?

பழைய_எஞ்சினியர்:
பத்தடி தள்ளி வைச்சிருந்தால் எண்ணை வந்திருக்காது.

நானா_தெமட்டகொட:
என்ட எண்ண இல்ல சேர், பக்கத்து ஊட்டு எண்ண!! எத்தின தரம் செல்ற?

ரொறன்ரோவாசி:
இங்க ஒரே மூடிக்குள்ள இரண்டு வாயும் வாற சாமானே கடையில விக்குது. வெளிய போற காத்தை வேகமா முன்னால எறியும், மற்றது பக்கத்தால எடுக்கும். இடைவெளி அங்குலக் கணக்கில.

பழைய_எஞ்சினியர்:
கடையில விக்கிறதெல்லாம் சரியெண்டால் அஸ்பெஸ்டஸ் தகடும் சரிதான். முந்தி இந்தக் குழுவில அஸ்பெஸ்டஸ் பற்றி நடந்த விவாதத்திலயும் நீர் இப்பிடித்தான் கடைக்காரனுக்குச் சாட்சி சொன்னனீர்.

ரொறன்ரோவாசி:
அஸ்பெஸ்டஸை ஏன் இழுக்கிறீங்கள்? அதில தோத்த கோவம் இன்னும் ஆறேல்லைப் போல.

பழைய_எஞ்சினியர்:
ஆர் தோத்தது?

தெஹிவளை_அக்கா:
ஜெனரேட்டரை ஒருத்தரும் கதைக்கேல்லை. 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நேரம் எங்கட கீழ் வீட்டுக்காரர் ஜெனரேட்டரைப் பின்வளவில வைச்சு ஓட்டினவை. எங்கட லூவர் அதுக்கு நேர மேல. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எக்ஸோஸ்டை விட்டுப்போட்டு அதைப் பாருங்கோ.

பழைய_எஞ்சினியர்:
அதுக்கும் பத்தடி.

தெஹிவளை_அக்கா:
ஜெனரேட்டருக்குப் பத்தடி காணாது ஐயா! அதுக்குப் பக்கத்தில ஒரு வாயும் இருக்கக்கூடாது.

பழைய_எஞ்சினியர்:
நான் குறைஞ்சது எண்டு சொன்னனான். கூட வைக்க வேண்டாமெண்டு சொன்னனானோ? தம்பி வெள்ளவத்தை, பின்சுவர் 16 அடி எண்டீர். ஒரு மூலையில ஒண்டு, மற்ற மூலையில மற்றது. 16இல 10 போகாதோ?

வெள்ளவத்தையான்:
போகும். ஆனா அந்த மூலையில எக்ஸோஸ்ட் வைச்சால் குசினி ஜன்னலுக்கு இரண்டடி. உங்கட புத்தகத்தில அதுக்கு என்ன எழுதியிருக்கு?

பழைய_எஞ்சினியர்:
ஜன்னலைப் பூட்டிவையும்.

நானா_தெமட்டகொட:
குசினி ஜன்னலப் பூட்டச் செல்ற ஆள் ஊட்டுல சமைக்கிற யாரு?

பழைய_எஞ்சினியர்:
உமக்கு அது தேவையில்லாத கதை. பத்தடி.