கலைச்சொல் விவாதம்: முகாம் டிரெய்லரின் ரிவர்ஸ் லைட்டுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புதுச்சேரிப் பட்டறை ஒன்றுக்காக அமெரிக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகும் சின்ன முகாம் டிரெய்லர்; உள்ளே இருவர் படுக்கலாம். அதில் ரிவர்ஸ் லைட்டைப் புதிதாகச் சேர்க்கும் பகுதிதான் இடிக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

அமெரிக்கர்கள் இதை ‘பேக்-அப் லைட்’ என்கிறார்கள். முதல் வரைவில் ‘காப்பு விளக்கு’ என்று வந்திருக்கிறது, ‘காப்பு நகல்’ மாதிரி. படிப்பவர் கரண்ட் போனால் எரியும் எமர்ஜென்சி விளக்கு என்றல்லவா நினைப்பார்? ‘பின்விளக்கு’ என்று எழுதவும் வழியில்லை. சிவப்பாக எரியும் டெயில் லைட்டுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. ஒயரிங் படத்தில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. படத்தில் அடங்கும் நீளத்தில், பட்டறைப் பையன்களுக்குப் புரியும் சொல் வேண்டும்.

— முத்தியால்பேட்டை

*

அம்மா,

‘காப்பு விளக்கு’ தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் வண்டிக்குக் காப்பு என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. புறநானூறு 102இல் ஔவையார், உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த ‘சேம அச்சு’ பற்றிப் பாடுகிறார். பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, யார் அறிவார் என்று உமணர் மாற்று அச்சைக் கூடவே கொண்டு போனார்கள். ஸ்டெப்னிக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. அதை எடுக்காமல் விட்டது நம் குறை.

நிற்க. சங்க இலக்கியத்தில் ‘செலவு’ என்றால் போதல். தலைவன் பயணம் போகத் தயங்கி நிற்பதைப் பாடும் ‘செலவழுங்கல்’ ஒரு துறையே. ஆகவே ‘பின்செலவு விளக்கு’ எனலாம். பொருளும் பொருந்தும், ஓசையும் அமையும்.

— திருப்பாதிரிப்புலியூர்

*

ஐயா, வணக்கம்.

ஐடிஐயில் பாடம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘பின்செலவு’ என்று போர்டில் எழுதினால், வண்டி வாங்கிய பிறகு வரும் செலவு என்றுதான் மாணவன் எடுத்துக்கொள்வான். அவன்மேல் தப்பில்லை, அந்தச் சொல் இன்று அவனுக்குப் பணத்தைத்தான் காட்டுகிறது.

வேலை என்னவென்று சொன்னால் சொல்லுக்கு வழி கிடைக்கும். அமெரிக்காவில் சின்ன டிரெய்லர்களுக்கு நான்கு முனைப் பிளக்தான் வரும்: எர்த், டெயில், இடது, வலது. பிரேக் விளக்கும் இண்டிகேட்டர் ஒயரிலேயே ஓடும். ரிவர்ஸுக்கு ஒயரே கிடையாது. அதனால் பிளக்கை ஏழு முனைக்கு மாற்றி, நடு முனையிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். ஐரோப்பிய 13 முனைப் பிளக்கில் இதற்கு 8ஆவது முனை. ஐரோப்பாவில் பின்பற்றும் ஐ.நா. விதி 48இன்படி, 750 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லருக்கு இந்த விளக்கு கட்டாயம் இல்லை. அதற்கு மேல் போனால் கட்டாயம். அங்கே சின்ன டிரெய்லர்காரர்கள் தாங்களே பொருத்திக்கொள்ளும் நிலை அதனால்தான்.

21 வாட் பல்பு இரண்டு போட்டால் 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். காரின் ரிவர்ஸ் ஒயரிலிருந்தே அதை இழுக்கக் கூடாது. அந்த ஒயர் ரிலே என்ற மின் சுவிட்சைத் தட்டிவிட்டால் போதும். விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரட்டும். (ரிலேக்குத் தமிழ் என்ன என்று இந்த இழையில் யாரும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

ஒயர் நிறத்தை வைத்துப் பெயரிடலாம் என்று எனக்குத் தனிமடலில் எழுதிய நண்பருக்கு: நான்கு முனையில் மஞ்சள் ஒயர் இடது இண்டிகேட்டருக்கு, முகாம் டிரெய்லர்களின் ஏழு முனை வழக்கில் அதே மஞ்சள் ரிவர்ஸுக்கு. நிறத்தை நம்பினால் பின்னால் எடுக்கும்போது இண்டிகேட்டர் எரியும். ‘ரிவர்ஸ் விளக்கு’ என்றே விடுங்கள். எல்லோருக்கும் புரியும்.

— கடலூர் முதுநகர்

*

நண்பர்களே,

எங்கள் வீட்டில் பிரெஞ்சு புழங்கும் என்பதால் ஒரு தகவல். பிரெஞ்சில் இது ‘ஃபெ த ரெக்யூல்’. ‘ரெக்யூல்’ என்பதன் உள்ளே பிட்டத்தைக் குறிக்கும் சொல் இருக்கிறது. பீரங்கி சுட்டதும் பின்னுக்கு உதைப்பதும் அதே சொல்தான். நாம் ‘பின்வாங்கு விளக்கு’ என்று வைத்தால் என்ன? ‘வண்டியைக் கொஞ்சம் பின்னால வாங்கு’ என்று தெருவில் சொல்கிறோமே.

— லாசுப்பேட்டை

*

‘பின்வாங்கு’ வேண்டாம். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கிருந்து (உண்ணாமல்) உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனைப் பாடிய மொழி இது. செய்தித்தாளிலும் பின்வாங்குவது படையும் கட்சியும்தான்.

என் முன்மொழிவு ‘பின்னகர்வு விளக்கு’. நகர்தல் எல்லோருக்கும் தெரிந்த சொல். பின் + நகர்வு என்பதைப் பிரித்து எழுதாதீர்கள். ‘னலமுன் றனவும் ணளமுன் டணவும் ஆகும் தநக்கள்’ என்பது நன்னூல். நகரம் னகரமாகத் திரிந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரெய்லரை ‘இழுவண்டி’ என்று பலர் எழுதுகிறார்கள். வினைத்தொகையில் இது இரண்டு பக்கமும் சாயும். ‘ஆடுகொடி’யில் கொடி ஆடுகிறது, ‘குடிநீ’ரில் நீர் குடிக்கப்படுகிறது. இழுவண்டி இழுக்கும் காரா, இழுபடும் பெட்டியா? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரை இழுக்கப்படும் வாகனம் என்றே வரையறுக்கிறது. ஆகவே ‘இழுபடு வண்டி’. படுத்துறங்கும் முகாம் வகையைக் ‘கூண்டு வண்டி’ என்றே சொல்லலாம். அந்தச் சொல்லைச் சாகவிட்டது போதும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி கடற்கரைக்கு ஏறிப் போன வண்டிக்கு ‘வையம்’ என்று பெயர். அதையும் எண்ணிப் பார்க்கலாம்.

— சிதம்பரம்

*

‘வையம்’ என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ‘வையம் தகளியா வார்கடலே நெய்யாக, வெய்ய கதிரோன் விளக்காக’ என்று பொய்கையாழ்வார் பாடியது திருக்கோவலூரில். அந்தப் பெண்ணையாறுதான் நம் கடலூருக்கு வந்து கடலில் சேர்கிறது. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் கரையேறியது எங்கள் ஊரில். அப்போது பாடிய பதிகத்திலேயே ‘இல்லக விளக்கது இருள்கெ டுப்பது, சொல்லக விளக்கது சோதி உள்ளது’ என்கிறார். சொல்லுக்குள்ளேயே விளக்கு இருக்கிறது என்று பாடிய மண்ணில் உட்கார்ந்துகொண்டு ‘ரிவர்ஸ்’ என்று எழுதுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

‘பின்செலவு’ சொல்லைத் திரும்பப் பெறவில்லை. பெரும்பான்மை ‘பின்னகர்வு’ என்றால் தடுக்க மாட்டேன்.

— திருப்பாதிரிப்புலியூர்

*

ஐயா, பாட்டு எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இருட்டில், தோப்புக்குள் டிரெய்லரைப் பின்னால் எடுக்கிறவர் கையேட்டைப் புரட்டுவது ஒயர் எரியாதபோதுதான். போன வாரம் வகுப்பில் ஒரு பையன் டெஸ்ட் லேம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: ‘சார், பின்னு போட்ட ரெண்டுல எது வெள்ளை?’ பின்விளக்கு, பின்னகர்வு விளக்கு இரண்டையும் லேபிளில் சுருக்கினால் இரண்டுமே ‘பி.வி.’தான். முதல் எழுத்தே வேறாக இருக்கும் சொல்லை யாராவது கொடுங்கள், ‘ரிவர்ஸை’ விட்டுவிடுகிறேன்.

— கடலூர் முதுநகர்

*

அனைவருக்கும் நன்றி. முதுநகர் ஐயா சொன்ன சுருக்கப் பிரச்சினை நியாயமானது. ஆனால் வேறு முதலெழுத்தில் சொல் எதுவும் வரவில்லை. பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘பின்னகர்வு’ பக்கம். அதையே போடுகிறேன். முதன்முறை வரும் இடத்தில் ‘ரிவர்ஸ் லைட்’ என்பதும் கூடவே இருக்கும். படத்தில் சுருக்கமே கிடையாது. முழுச்சொல்லும், விளக்கின் நிறம் வெள்ளை என்பதும் அச்சாகும். டிரெய்லர் டிரெய்லராகவே இருக்கும். அதற்கு இன்னொரு இழை தொடங்குங்கள்.

வடிவமைப்பவர் ‘பின்னகர்வு’ என்பதைப் பின்னல், பின்னம் என்று படிக்கத் தோன்றுகிறது என்கிறார். அதனால் ‘பின்நகர்வு’ என்று பிரித்துத்தான் போகும் போலிருக்கிறது.

— முத்தியால்பேட்டை

*

‘பின்நவீனத்துவம்’ என்று எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே இந்த நோய். பிரித்து அச்சிடுவதானால், அந்தச் சொல்லை நான் முன்மொழியவில்லை என்று குழுவின் பதிவில் இருக்கட்டும்.

— சிதம்பரம்

*

கையேடு எப்படி வந்தாலும் அடுத்த வாரம் வகுப்பில் அதையே தருகிறேன். போர்டில் மட்டும் ‘ரிவர்ஸ் விளக்கு’ என்று எழுதுவேன்.

— கடலூர் முதுநகர்