வெளிநாட்டுப் படை போரை வெல்கிறது, அமைதி மட்டும் ஏன் கைநழுவுகிறது?

தொலைதூரவாசி கேட்டது:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. 2001 அக்டோபரில் அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் தாக்குதலைத் தொடங்கியது, இரண்டே மாதத்தில் தாலிபான் ஆட்சி விழுந்தது. 20 வருடம் கழித்து, 2021 ஆகஸ்ட் 15 அன்று அதே தாலிபான் காபூலுக்குள் நுழைந்தபோது, அத்தனை பணம் கொட்டி வளர்த்த ஆப்கன் ராணுவம் பல நகரங்களைச் சண்டையே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. ஈராக்கிலும் இதே கதை. 2003இல் மூன்று வாரத்தில் பாக்தாத் விழுந்தது, 2014 ஜூனில் மொசூல் நகரமே ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற ஆயுதக் குழுவின் கைக்குப் போனது.

இதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் இரண்டு பதில்தான் சொல்கிறார்கள். "இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்க வேண்டும்" அல்லது "போயிருக்கவே கூடாது". எனக்கு இரண்டும் போதவில்லை. சியரா லியோனில் வெளிநாட்டுப் படை வந்த பிறகுதான் போர் முடிந்தது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் வெளிநாட்டுப் படை எதுவும் வராமலே முடிந்தது. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

மணல்மேடு:

நல்ல கேள்வி. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டியது, ஒப்பந்தம் போட்ட இடத்தில் யார் உட்காரவில்லை என்பதைத்தான்.

ஆப்கானிஸ்தானையே பாருங்கள். சோவியத் படை வெளியேற 1988 ஏப்ரலில் ஜெனிவாவில் ஒப்பந்தம் போட்டார்கள். காபூல் அரசும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன, அமெரிக்காவும் சோவியத்தும் உத்தரவாதம் கொடுத்தன. ஆனால் களத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த முஜாஹிதீன்கள் அதில் இல்லை. 2001 டிசம்பரில், புதிய ஆப்கன் அரசை அமைக்க ஜெர்மனியின் பான் நகரில் மாநாடு. தோற்றுப்போன தாலிபானை அழைக்கவில்லை, அப்போது அவர்களில் பலர் சரணடைந்து ஊர் திரும்பத் தயாராக இருந்தும். அந்த மாநாட்டை நடத்திய ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமியே பிற்பாடு அது தவறு என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவது, 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவும் தாலிபானும் போட்ட தோஹா ஒப்பந்தம். இந்த முறை தாலிபான் உள்ளே, ஆப்கன் அரசு வெளியே. தன் சிறைகளில் இருக்கும் 5,000 தாலிபான் கைதிகளை விடுவிக்க வேண்டும் என்று, தான் கையெழுத்தே போடாத ஒப்பந்தத்தால் அந்த அரசு நெருக்கப்பட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சாதாரணச் சிப்பாய் என்ன முடிவுக்கு வருவான்?

அந்த ராணுவம் சண்டை போடவில்லை என்று கேட்டீர்கள். அந்த இருபது வருடங்களில் 60,000க்கும் மேற்பட்ட ஆப்கன் படையினரும் போலீசாரும் செத்திருக்கிறார்கள், எனவே கோழைகள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய விமானங்களைப் பராமரித்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள். படையோடு சேர்ந்து அவர்களும் போனார்கள், விமானங்கள் தரையில் நின்றன, மலைக்கு நடுவே இருந்த சோதனைச் சாவடிக்குத் தோட்டாவும் போகவில்லை சாப்பாடும் போகவில்லை.

சோவியத் காலத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். 1989 பிப்ரவரியில் கடைசி சோவியத் சிப்பாய் போன பிறகும், சோவியத் ஆதரவில் இருந்த நஜிபுல்லா அரசு மூன்று வருடம் தாங்கியது, ஏனென்றால் பணமும் எரிபொருளும் ஆயுதமும் வந்துகொண்டே இருந்தன. 1991 முடிவில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது, உதவி நின்றது, 1992 ஏப்ரலில் அவர் ஆட்சி விழுந்தது.

பனிமூட்டம்:

மணல்மேடு சொல்வதோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். எல்லோரையும் உட்கார வைத்தும் நாசமாய்ப் போன ஒப்பந்தங்கள் உண்டு.

அங்கோலாவில் 1991 மே மாதம் அரசும் யுனிடா கிளர்ச்சிக் குழுவும் நேருக்கு நேர் கையெழுத்திட்டார்கள். 1992 செப்டம்பரில் தேர்தல். ஆனால் அதற்குள் இரண்டு படைகளும் கலைக்கப்படவே இல்லை. 12 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நாட்டுக்கு ஐ.நா. அனுப்பியது சில நூறு கண்காணிப்பாளர்களை. யுனிடா தலைவர் சவிம்பி தோற்றார், முடிவை ஏற்கவில்லை, அவரிடம் படை அப்படியே இருந்தது, போர் மறுபடி தொடங்கியது. 2002இல் அவர் கொல்லப்படும்வரை அது ஓயவில்லை. அதே 1992 அக்டோபரில் மொசாம்பிக்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே ஐ.நா. ஆயிரக்கணக்கில் படையை அனுப்பியது, படைகளைக் கலைத்து முடிக்கும்வரை தேர்தலை 1994க்குத் தள்ளினார்கள், ரெனமோ கிளர்ச்சிக் குழு ஒரு கட்சியாக மாற தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். பிறகும் உரசல்கள் வந்தன, ஆனால் அந்தப் பெரிய போர் திரும்பவில்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாமே ஒரு இடத்தில் வந்து நிற்கிறது. துப்பாக்கியைக் கீழே வைத்தவனுக்கு மறுநாள் காலையில் யார் பாதுகாப்பு? அரசு தன் ராணுவத்தை வைத்திருக்கும், கிளர்ச்சியாளன் மட்டும் வெறுங்கையோடு நிற்பான். கொலம்பியாவில் 1980களில் ஃபார்க் கெரில்லா அமைப்போடு நடந்த பேச்சுவார்த்தையிலிருந்து யூனியன் பேட்ரியாடிகா என்ற கட்சி பிறந்தது. தேர்தல் பாதைக்கு வந்த அந்தக் கட்சியினர் 5,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடுத்த தலைமுறை கெரில்லாவிடம் போய் "ஆயுதத்தை விடு, தேர்தலில் நில்" என்று எந்த முகத்தோடு சொல்வது? 2016 ஒப்பந்தம் வர அவ்வளவு காலம் பிடித்ததற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

இந்தச் சிக்கலை நேபாளம் தீர்த்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2006 நவம்பரில் சமாதான ஒப்பந்தம். மாவோயிஸ்டுகளின் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யவில்லை. முகாம்களுக்குள்ளேயே இரும்புக் கண்டெய்னர்களில் வைத்துப் பூட்டினார்கள், சாவி மாவோயிஸ்டுகளிடமே இருந்தது. ஐ.நா. குழு ஆயுதங்களைப் பதிவு செய்து, கேமரா வைத்து இரவும் பகலும் கண்காணித்தது. யாராவது திறந்தால் உடனே தெரிந்துவிடும், அவ்வளவுதான். நேபாள ராணுவமும் அதே எண்ணிக்கையில் ஆயுதங்களைப் பூட்டி வைத்தது. யாரும் தோற்றதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆச்சேயிலும் இதே மாதிரிதான். 2005 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கிளர்ச்சியாளர்கள் நான்கு கட்டமாக 840 ஆயுதங்களை ஒப்படைத்தார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தோனேசியப் படையும் ஒரு பகுதி வெளியேறியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் அனுப்பிய, ஆயுதம் இல்லாத கண்காணிப்பாளர்கள். அடுத்த வருடத் தேர்தலில் முன்னாள் கிளர்ச்சியாளர் ஒருவரே ஆளுநரானார்.

கரைவழி:

பனிமூட்டம் எழுதியது முக்கியமானது, ஆனால் பாதுகாப்பு கொடுக்க வருகிறவரே ஒரு தரப்பாக மாறிவிட்டால்? தமிழர்களான நமக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். புலிகள் கையெழுத்திடவில்லை. அமைதி காக்க வந்த இந்தியப் படையை ஆரம்பத்தில் யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள், அக்டோபரில் அதே படை புலிகளோடு போரில் இறங்கியிருந்தது. அந்த மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு "உங்களைக் காக்க வந்திருக்கிறோம்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இந்தியத் தரப்பிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் திரும்பி வரவில்லை. பிரேமதாசா ஜனாதிபதியான பிறகு இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், அதற்காகப் புலிகளுக்கு ஆயுதமே கொடுத்தார். 1990 மார்ச்சில் கடைசிப் படை போனது. ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் போர் மறுபடி வெடித்துவிட்டது.

தொலைதூரவாசி, சியரா லியோனைக் கேட்டீர்கள் அல்லவா, அங்கே நிலைமை வேறு. தேர்தலில் வென்ற அரசு, மக்கள் விரும்பிய பிரிட்டிஷ் தலையீடு, எதிரியோ பொதுமக்களின் கைகளை வெட்டிய ஆர்யுஎஃப் கிளர்ச்சிக் குழு. ஆனாலும் பிரிட்டிஷ் படையால் மட்டும் அது முடிந்ததாக நான் நினைக்கவில்லை. ஆர்யுஎஃப்புக்கு ஆயுதமும் வைரச் சந்தையும் தந்தது பக்கத்து லைபீரியா. 2001இல் லைபீரிய வைரங்களுக்கு ஐ.நா. தடை போட்டது, அந்த வழி இறுகியது. தாலிபானுக்குப் பாகிஸ்தானுக்குள் இருந்த புகலிடத்தை யாராலும் அப்படி அடைக்க முடியவில்லை.

வெண்முகில்:

ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் திரி முழுக்க ஆயுதம் வைத்திருந்தவர்களின் பயத்தைப் பற்றியே பேசுகிறோம். அவர்கள் கையால் பிள்ளையை இழந்தவர்கள் எங்கே?

சியரா லியோன் போரை முடிக்கப் போட்ட 1999 லோமே ஒப்பந்தத்தில் ஆர்யுஎஃப் தலைவர் ஃபோடே சாங்கோவுக்குப் பொது மன்னிப்பும், துணை ஜனாதிபதிக்குச் சமமான அந்தஸ்தும், கனிம வளங்களைக் கவனிக்கும் பதவியும் கொடுத்தார்கள். அடுத்த மே மாதமே அவருடைய ஆட்கள் ஐ.நா. அமைதிப்படையினர் சுமார் 500 பேரைப் பிடித்து வைத்தார்கள். அள்ளிக் கொடுத்தும் அமைதி வரவில்லை. மறுபக்கம் கொலம்பியா. 2016 அக்டோபர் 2 வாக்கெடுப்பில் ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது. தண்டனை மிகவும் குறைவு என்ற கோபம் அதற்குப் பெரிய காரணம். ஆனால் போர் கடுமையாக நடந்த கிராமப்புறங்கள் பலவற்றில் 'சரி' என்றே வாக்களித்தார்கள். இந்தத் தகவலை நினைத்து நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தூரத்தில் இருப்பவர்களுக்கு நீதி முதலில் வருகிறது, நடுவில் வாழ்பவர்களுக்குப் போர் முதலில் நிற்க வேண்டும் என்றிருக்கிறது. இரண்டு பேரையும் தவறு என்று சொல்ல முடியவில்லை.

தொலைதூரவாசி:

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நான் 'எவ்வளவு படை, எத்தனை வருடம்' என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பனிமூட்டம், ஒரு சின்னச் சந்தேகம். நேபாளத்தில் அந்தக் கண்டெய்னர்களை அப்புறம் என்ன செய்தார்கள்?

பனிமூட்டம்:

ஐந்து வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தன. ஐ.நா. குழு 2011 ஜனவரியில் கிளம்பிவிட்டது, அதன் பிறகும் யாரும் போருக்குத் திரும்பவில்லை. 2012 ஏப்ரலில் முகாம்களும் ஆயுதங்களும் நேபாள ராணுவத்தின் பொறுப்புக்கு வந்தன. ஐ.நா. சரிபார்த்த 19,000க்கும் மேற்பட்ட போராளிகளில் கடைசியில் ராணுவத்தில் சேர்ந்தது சுமார் 1,400 பேர்தான், பெரும்பாலானோர் பணம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

வெண்முகில் கேட்டதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது, நல்ல பதில் இல்லை. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் ஆணையத்தை 2015இல்தான் அமைத்தார்கள். 1,300க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன.