புதுப்பிப்பு: மடுவரின் பிறப்பிடம் மாறுகிறது

நீரிலும் நிலத்திலும் வாழும் மடுவர் என்ற என் கற்பனை இனம், நம் திருகோணமலைத் துறைமுகத்தின் அடியிலுள்ள கடற்பள்ளத்தாக்கில் தோன்றியது என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். தவளையின் தோல் நீரை எளிதில் கசியவிடுவதால் கடலின் உப்பு அதன் உடலை வற்றச் செய்துவிடும் என்று மூதூர் நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

ஆகவே, மகாவலி கொட்டியாரக் குடாவில் கலப்பதற்குச் சற்று மேலேயுள்ள நன்னீர் மடுக்களே இனி அவர்களின் தாயகம். தென்கிழக்காசியாவின் நண்டுண்ணித் தவளை உடலில் யூரியாவைத் தேக்கி உவர்நீரைத் தாங்குவதைப் போல, மடுவரில் மூத்தோர் மட்டும் குடா வரை செல்வர்.

ஓடற்ற முட்டைகள் உலர்ந்தால் அழிந்துவிடும் என்பதால், வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் முதல் மாரி இரவே அவர்களின் ஆண்டுப் பிறப்பு. அன்று குடி முழுவதும் முட்டைக் குளத்தைச் சுற்றி அமர்ந்து விடியும்வரை காவல் காக்கும்.