புதுப்பிப்பு: அம்மா கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்

போன மாதம் எழுதியிருந்தேன்: பித்தப்பை ஆபரேஷனுக்கு முந்தின இரவு, ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மதப் படிவத்தில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். பித்தநாளத்தில், அதாவது பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயில், காயம் படலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் நடந்தது.

கேஸ் ஷீட் நகல் கிடைத்துவிட்டது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ கவுன்சில் விதி. அதைச் சொன்ன பிறகுதான் அசைந்தார்கள்.

"கையெழுத்துப் போட்டாச்சே, இனி என்ன?" என்று பலர் கேட்டீர்கள். வக்கீல் 2008 சமீரா கோலி தீர்ப்பைப் படிக்கச் சொன்னார். சமீரா என்ற நோயாளி, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் பரிசோதனை லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் கேட்டுவிட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். சிகிச்சை என்ன, மாற்று வழி என்ன, கணிசமான ஆபத்து என்ன என்று விளக்கிப் பெறுவதே சம்மதம். ஆனால் அதே தீர்ப்பு, அரிதான ஆபத்துகளைச் சொல்லத் தேவையில்லை என்றும் சொல்கிறது. எங்கள் சிக்கலே அங்கேதான். பித்தநாளக் காயம் அரிதுதான். நேர்ந்தால் வாழ்க்கையே புரண்டுவிடுகிறதே!

காயம் பட்டதாலேயே கவனக்குறைவு என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் கேட்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு, மனு தயாராகிறது. அம்மா இப்போது கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிடுகிறார்.