தம்பிக்குத் தண்டுவடத்தில் அடி, 8 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்

போளூர்_அக்கா:
தம்பிக்கு 29 வயது. ஓசூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை, வேலை இருக்கும் நாளில் 900 ரூபாய் வரும். நாலு மாதம் முன்பு ராத்திரி பைக்கில் ஊருக்கு வரும்போது கிருஷ்ணகிரி தாண்டி ஹைவேயில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டான். லாரியில் பார்க்கிங் லைட் எரியவில்லை, பின்னால் ஒரு மரக்கிளைகூட வைக்கவில்லை. முதுகெலும்பில் டி12 எலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கிவிட்டது. ராடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள், ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அவன் மயக்கத்தில் கிடந்தபோது லாரி டிரைவர் சொன்னதை வைத்து எஃப்ஐஆர் போட்டிருக்கிறார்கள், "அதிவேகமாக வந்து மோதினார்" என்று.

இப்போது ஒரு ஆள் வீட்டுக்கே வந்து, எஃப்ஐஆர் உங்களுக்கு எதிராக இருக்கிறது, கோர்ட்டில் நிற்காது, 8 லட்சத்துக்குப் பேசி முடித்துத் தருகிறேன், எனக்கு 25 சதவீதம் என்கிறார். எழுதாத பேப்பரில் கையெழுத்து வேறு கேட்கிறார். வட்டிக்கு வாங்கிய 3 லட்சம் நெருக்குவதால் அம்மா சரி என்று சொல்லிவிடுவாள் போல இருக்கிறது. தம்பியிடம் லைசென்ஸும் இல்லை. என்ன செய்யலாம்?

வீல்சேர்_செய்யாறு:
அக்கா, எந்தப் பேப்பரிலும் கையெழுத்து வேண்டாம். எனக்கு அதற்கு அடுத்த எலும்பு, எல்1. 2016இல் ஒரு வேன் இடித்தது. தீர்ப்பு வர ஐந்து வருடம் ஆனது, பொய் சொல்லவில்லை, அந்த ஐந்து வருடமும் நரகம்தான். ஆனால் எனக்கும் முதலில் 6 லட்சம் என்றுதான் பேசினார்கள். இப்போது கணக்குப் போட்டால் காதீட்டர் (சிறுநீர்க் குழாய்), டயப்பர், யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு மாத்திரை என்று அந்த 6 லட்சம் எப்போதோ கரைந்திருக்கும்.

நான் செய்த தப்பு, பில்களைத் தூக்கிப் போட்டது. மருந்துக்கடைச் சீட்டு, வாட்டர் பெட், பிசியோவுக்குப் போன ஆட்டோ, எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள். இன்னொன்று, இன்சூரன்ஸ் வக்கீல் என்னிடம் குறுக்கு விசாரணையில் "உங்கள் அம்மாதானே பார்த்துக்கொள்கிறார், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லையே" என்று கேட்டார். அம்மா சேலை கிழிய என்னைத் தூக்கி உட்கார வைத்தது அவருக்குக் கணக்கில் வரவில்லை.

கேஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தம்பியைத் திருப்பிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வந்தால் வேறு எதுவும் ஓடாது. வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையம் உங்களுக்குப் பக்கம்தான், வீல்சேரில் ஏறி இறங்குவதிலிருந்து எல்லாம் அங்கே பழக்கிவிடுவார்கள்.

எம்சிஓபி_வக்கீல்:
எஃப்ஐஆர் முதல் தகவல் மட்டும்தான், தீர்ப்பு இல்லை. விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் மற்ற சாட்சியங்களையும் பார்த்துத்தான் முடிவு செய்யும். இரவில் ரோட்டில் ஆபத்தாக வண்டியை நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவில் குற்றம். லாரி எங்கே நின்றது, விளக்கு எரிந்ததா என்று பார்த்த ஆள் வேண்டும். தம்பியை 108இல் ஏற்றியது யார்? அவரைத் தேடுங்கள். இப்போதே எஸ்பி அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். லைசென்ஸ் இல்லாததால் மட்டும் விபத்துக்கு அவர்தான் காரணம் என்று ஆகிவிடாது, உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று சட்டம். உங்களுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

தொகைக்கு வருவோம். மெடிக்கல் போர்டு ஊனம் 70 சதவீதம் என்று சர்டிபிகேட் கொடுத்தால் இன்சூரன்ஸ் தரப்பு வருமானத்திலும் 70தான் என்று வாதாடும். 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ வருமான இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம், அதே கை போன அரசு குமாஸ்தாவுக்கு வேலையே போகாமல் இருக்கலாம். குத்துக்கால் போட்டு டைல்ஸ் ஒட்டியவருக்குக் காலே அசையாது என்றால் 100தான் கேட்க வேண்டும். மாதம் 15,000 என்று வைத்தாலும், 40 வயதுக்குள் சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000. வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 29 வயதுக்கு 17. 21,000 × 12 × 17 என்றால் 42,84,000 வருகிறது. பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 8,000 என்றால் அதே கணக்கில் 16,32,000. மேலே செய்யாறு நண்பரிடம் இன்சூரன்ஸ் வக்கீல் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் 2020இன் காஜல் வழக்கு, அதில் உதவியாளர் செலவையும் இப்படித்தான் பெருக்கிக் கொடுத்தார்கள். மருத்துவச் செலவு, வலி வேதனை, கல்யாண வாழ்க்கை இழப்பு எல்லாம் இதற்கு மேல். முதல் இரண்டும் சேர்ந்தே 59 லட்சம், நீதிபதி தப்பில் பாதி தம்பி தலையில் என்று கழித்தாலும் 29 லட்சத்துக்கு மேல் நிற்கும். 8 லட்சம் எங்கே, இது எங்கே.

அப்புறம் அந்த 25 சதவீத ஆள். ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று வக்கீல் ஃபீஸ் பேசுவதையே பார் கவுன்சில் விதி தடுக்கிறது. அவர் வக்கீலா என்பதே எனக்குச் சந்தேகம்.

உண்மை_விளம்பி:
கணக்கு பேப்பரில் நன்றாகத்தான் இருக்கிறது சார். என் மச்சானுக்குத் தீர்ப்பாயம் கொடுத்ததை எதிர்த்து கம்பெனி ஹைகோர்ட் போனது, ஏழு வருடம் ஆகியும் முழுப் பணம் வரவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது 59 லட்சம் என்று காகிதத்தில் இருந்து என்ன? லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் பேசி முடித்தால் கைக்கு வரும்.

எம்சிஓபி_வக்கீல்:
லோக் அதாலத் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. மனு பதிவாகி நம்பர் வந்து, ஊனச் சான்றிதழ் கையில் வந்த பிறகு உட்காருங்கள், நம் கணக்கு நம்மிடம் இருக்கும். அதாலத்தில் முடித்தால் அப்பீல் கிடையாது, அதனால் அவசரத்தில் தலையாட்டக் கூடாது. ஏழு வருடக் கதை எனக்கும் தெரியும், மறுக்கவில்லை.

போளூர்_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. இந்தக் கணக்கைக் காட்டினேன், அம்மா ஒன்றும் பேசவில்லை, அந்த ஆளுக்கு மட்டும் போனை எடுப்பதில்லை. 108க்கு போன் செய்தது அங்கே டீக்கடை வைத்திருப்பவராம், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைந்த ரஃப் ஸ்கெட்சை ஸ்டேஷனில் கேட்டால் நாளைக்கு வா என்கிறார்கள்.

எம்சிஓபி_வக்கீல்:
ஸ்டேஷனுக்கு நடக்காதீர்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சாலை விபத்து வழக்கு ஆவணங்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது, எஃப்ஐஆர் நம்பர் போட்டுப் பாருங்கள். ஸ்கெட்ச் கிடைத்ததும் லாரி மண் ரோட்டில் நின்றதா, தார் ரோட்டுக்குள் எத்தனை அடி நீட்டிக்கொண்டு நின்றது என்று முதலில் அதைப் பாருங்கள்.