செயினை நானே டைட் செய்தேன், பிரேக் டிரம் சுட்டது

வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் செயின் கவருக்குள் ‘சளக் சளக்’ என்று ஒரு சத்தம். 100 சிசி பைக், ஏழு வருடம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் கடை பூட்டு. இரண்டு நட்டுதானே என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டபுள் ஸ்டாண்டு போட்டு, கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, செயினின் கீழ்ப்பக்கத்தை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்கலாம் என்று போட்டிருந்தது. மகளின் ஸ்கேலை வைத்து அளந்தால் 45.

பின்சக்கர நட்டு அசையவே இல்லை. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி சைலன்சரில் தேய்ந்ததுதான் மிச்சம். காலால் மிதிக்கப் போனேன். எதிர்வீட்டு மாமா, லாரி ஓட்டி ஓய்ந்தவர், ஓடி வந்தார். “டபுள் ஸ்டாண்டுல நிக்கிற வண்டிய மிதிக்காத தம்பி, சாஞ்சிரும்.” ஒரு சாண் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரில் மாட்டி அழுத்தினார். கிரீச் என்று விட்டது.

சக்கரத்தைப் பின்னால் இழுக்கும் இரண்டு பக்க அட்ஜஸ்டர் நட்டையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினேன். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். 25 வந்தது. பெரிய நட்டை முறுக்கிவிட்டு மறுபடி அளந்தால் 15! முறுக்கும்போது அச்சு இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருக்கிறது.

‘டைட்டா இருந்தா நல்லதுதானே’ என்று விட்டுவிடத்தான் நினைத்தேன். மாமா எதுவும் சொல்லாமல் ஸ்டாண்டை எடுத்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தார். “இப்பத் தொட்டுப் பாரு.” வீணைத் தந்தி மாதிரி இருந்தது. ஆள் உட்கார்ந்தால் ஷாக் அப்சார்பர் அமுங்கும், முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் கூடும். அந்தத் தூரத்துக்குத்தான் செயினில் ஆட்டம் விடுவது. விடாவிட்டால் இழுவை முழுக்க கியர்பாக்ஸ் பேரிங்கிலும் சக்கர பேரிங்கிலும் விழும். லூஸ் செயினாவது சத்தம் போட்டுச் சொல்லும். டைட் செயின் வாயே திறக்காது.

மறுபடி கழற்றினேன். இந்த முறை சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் அளந்தேன். ஒரு இடத்தில் 30, இன்னொரு இடத்தில் 22. பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீண்டிருக்காதாம். டைட்டான இடத்தை வைத்தே சரிசெய்தேன். பத்து நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரம்.

பெருமையோடு மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். வண்டி இழுக்கவில்லை. இறங்கிப் பார்த்தால் பின் பிரேக் டிரம் தொட முடியாத சூடு. சக்கரத்தைப் பின்னால் தள்ளியதில் பெடலிலிருந்து டிரம்முக்குப் போகும் பிரேக் ராடு இழுபட்டு, மிதிக்காமலே பிரேக் பிடித்திருக்கிறது! ராடின் முனையில் இருக்கும் நட்டைக் கையால் நாலு சுற்று தளர்த்தியதும் சக்கரம் லேசாகச் சுற்றியது. டிரம் பிரேக் வண்டிக்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

—

பதில்: எனக்கும் அந்த பிரேக் கதை நடந்திருக்கு. ஆனா நான் சொல்ல வந்தது வேற. செயினைத் துடைக்கிறப்ப இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, துணியைப் பிடிக்கிறவங்க இருக்காங்க, வேலை சீக்கிரம் முடியுமாம். எங்க சித்தப்பா அப்படித்தான் செஞ்சார். துணி ஸ்ப்ராக்கெட்ல சிக்கி, ஆட்காட்டி விரல் நுனி போச்சு. இன்ஜினை நிறுத்துங்க, நியூட்ரல்ல போடுங்க, சக்கரத்தைக் கையால சுத்துங்க. அவ்வளவுதான்.

—

பதில்: அட்ஜஸ்டர் கடைசிக் கோடு வரை வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் டைட் செய்து பயனில்லை, செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த செட்டையே மாற்ற வேண்டும். சின்ன வண்டிகளில் வரும் 428 செயினில் ஒரு பின்னுக்கும் (pin) அடுத்த பின்னுக்கும் இடையே 12.7 மி.மீ. 20 கண்ணிக்கு 254 மி.மீ. வர வேண்டும், அதைவிட எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தேய்மானம். நான் ஒருமுறை காசு மிச்சம் என்று செயினை மட்டும் மாற்றி, பழைய ஸ்ப்ராக்கெட்டை விட்டுவைத்தேன். கொக்கி மாதிரி வளைந்திருந்த பற்கள் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிட்டன. செயின் முனைகளை இணைக்கும் கண்ணியில் லாக் கிளிப் போடும்போது அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், நான் முதலில் தலைகீழாகத்தான் மாட்டினேன்.

—

முதலில் எழுதியவர்: போய்ப் பார்த்துவிட்டேன். இன்னும் மூன்று கோடு மிச்சம் இருக்கிறது. கண்ணிகளை அளக்க ஸ்கேல் கேட்டேன், கிரீஸ் கையோடு தொடக் கூடாது என்று மகள் தர மறுக்கிறாள்.