வாழைக்குத் தெளிக்கும் உப்பைத் தங்கச்சிக்கு ஊசியாகப் போட்டிருக்கிறார்கள், சரிதானா?

களக்காடு வாழைக்காரன்:
எனக்கு 2 ஏக்கர் ஏத்தன் வாழை. அடி இலையில் மஞ்சள் விழுந்தால் மெக்னீசியம் சல்பேட் வாங்கித் தெளிப்பேன். போன வாரம் ஆஸ்பத்திரியில் தங்கச்சி கட்டிலருகே உடைத்துப்போட்ட மருந்துக் குப்பியில் அதே பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அவளுக்கு எட்டாம் மாதம். இரண்டு நாளாகத் தலைவலி, முகம் வீங்கி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். சூடு என்று இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். சுகாதார நிலையத்தில் பிரஷர் 170/110. இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி போட்டு 108-இல் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். "அண்ணே, உடம்பெல்லாம் தீயா எரியுது" என்று வழியெல்லாம் அழுதாள். பிள்ளை பிறந்த பிறகும் மறுநாள் வரை அதே மருந்து. பிள்ளைதான் பிறந்தாச்சே, அப்புறம் எதற்கு? நர்ஸ் வந்து வந்து முட்டியைத் தட்டிப் பார்த்தது ஏன்?

இன்னொன்று. சித்தப்பா மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. அவனுக்கும் இதைக் கொடுக்கலாமே என்கிறாள் அம்மா.

முக்கூடல்காரன்:
அண்ணாச்சி, அது பேதி உப்பு. எங்க தாத்தா வெந்நீரில் கலக்கிக் குடிப்பார், அன்றைக்கு முழுக்க வீட்டுப் பின்வாசலிலேதான் இருப்பார். அதை ஊசியாகப் போடுவார்கள் என்பது எனக்கும் புதுசு.

பாளை நர்ஸக்கா:
தம்பி, பிரசவ வார்டில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். உப்பு ஒன்றுதான். ஆனால் ஊசி மருந்து கிருமி நீக்கி, அளவு கட்டி வருவது. உங்கள் உர மூட்டையை அதோடு சேர்க்காதீர்கள். குடித்தால் பெரும்பாலும் குடலோடு போய்விடும், பேதிதான் ஆகும்.

தங்கச்சிக்கு வந்தது பிரஷர் ஏறி ஜன்னி, அதாவது கர்ப்பகால வலிப்பு, காணும் நிலை. அந்த ஊசி பிரஷருக்கு இல்லை, அதற்குத் தனி மாத்திரை உண்டு. இது வலிப்பைத் தடுக்க. ஒரு பக்கத்துக்கு 5 கிராம், ஆக 10 கிராம். ஆழமாகப் போட வேண்டும், வலி உயிர் போகும். உடம்பு எரிவதும் அந்த மருந்தின் குணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சென்னை டாக்டர் கிருஷ்ண மேனன் வகுத்த மூன்று மருந்துக் கலவைதான். இருட்டு அறையில் மயங்கிக் கிடப்பார்கள். 1995-இல் சுமார் 1,700 பேரை வைத்து நடந்த ஆய்வில் வலிப்பு மருந்தான டயசெபாமை விட மெக்னீசியத்தில் மறு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. 2002-இல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் பார்த்தபோது, ஜன்னி வருமுன்பே கொடுத்தால் வருவதே பாதியாகக் குறைந்தது தெரிந்தது.

முட்டியைத் தட்டுவதா? மருந்து மிஞ்சினால் முதலில் முட்டித் துள்ளல் போகும், அதற்கும் மேலே போனால் மூச்சு நிற்கும். கழிவது சிறுநீரில்தான், அதனால் பையில் மணிக்கு 30 மில்லியாவது விழுகிறதா என்றும் பார்ப்போம். ஒரு ராத்திரி ஒரு தாய்க்குக் கால் துள்ளவில்லை. பையிலும் ஒன்றுமில்லை, மூச்சு நிமிஷத்துக்குப் பத்து. அடுத்த ஊசியை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டோம். இதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை அவர் மெதுவாக ஏற்றும்போது நான் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். விடியும் முன் கால் துள்ளியது. முட்டி தட்டும் சுத்தியலை நான் தலையணை பக்கத்திலேயே வைத்திருப்பேன், மற்ற நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

பிள்ளை பிறந்த பிறகும் ஜன்னி வரும், முதல் இரண்டு நாள்தான் பெரிய பயம். அதனால்தான் 24 மணி நேரம் தொடர்ந்தார்கள்.

அம்பை ஆற்றங்கரை:
உங்கள் சித்தப்பா மகனுக்காக எழுதுகிறேன். எனக்கும் வலிப்பு உண்டு, 12 வருஷமாக மாத்திரை. இதே கேள்வியை என் நரம்பு டாக்டரிடம் கேட்டேன். ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்து வரும் வலிப்புக்குத்தான் அதை ஏற்றுவார்களாம். எனக்குச் சோதித்தார், சரியாக இருந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மா பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

களக்காடு வாழைக்காரன்:
நர்ஸக்கா, நன்றி. தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தச் சுத்தியல் அக்காவையா நான் ஏசினேன்" என்று சிரிக்கிறாள். இன்று பிரஷர் 130/80, மாத்திரை தொடர்கிறது. ஊசி போட்ட இடம் இன்னும் கட்டியாக இருக்கிறது, ஒருக்களித்துத்தான் பால் கொடுக்கிறாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

பாளை நர்ஸக்கா:
கொடுக்கலாம், சூடு பார்த்து. சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டிவிடுங்கள். தலைவலி திரும்பினால் இளநீர் வெட்டிக்கொண்டிருக்காமல் உடனே வண்டி ஏற்றுங்கள்.